மைக்ரோ ஆர்.என்.ஏ-வை ‘சரிசெய்யும்’ பொடியும் அம்மாவின் மெட்ஃபார்மினும்

கேள்வி: எனக்கு வயது 43. அம்மாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின் எடுத்துக்கொள்கிறார், கூடவே இதயத்துக்காக ஆஸ்பிரினும். எனக்குச் சென்ற மாதம் எடுத்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.0. உறவினர் ஒருவர் ஒரு மூலிகைப் பொடியின் விளம்பரத்தை அனுப்பினார். ‘நோபல் பரிசு பெற்ற மைக்ரோ ஆர்.என்.ஏ தொழில்நுட்பம்’ என்று போட்டிருக்கிறது. கெட்டுப்போன மைக்ரோ ஆர்.என்.ஏ-வை அது சரிசெய்து இன்சுலினைத் தானாகச் சுரக்கவைக்குமாம், மூன்று மாதத்தில் மாத்திரையை நிறுத்திவிடலாமாம். ‘நீரிழிவு மைக்ரோ ஆர்.என்.ஏ’ ரத்தப் பரிசோதனையும் செய்து தருகிறார்கள். அம்மா இப்போதே மாத்திரையை நிறுத்துகிறேன் என்கிறார். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படிக்கும் மகனோ, “மைக்ரோ ஆர்.என்.ஏ நிஜம்தாம்மா, நோபலே கொடுத்திருக்காங்க” என்கிறான். எதை நம்புவது? அந்தப் பரிசோதனையை நான் செய்துகொள்ளலாமா? இதில் நிஜமான மருந்து எப்போதாவது வருமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அம்மாவிடம் இன்றே சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், அறிவியலை அப்புறம் பார்க்கலாம். மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டாம். இருபது வருடச் சர்க்கரை உள்ளவர் மாத்திரையை நிறுத்தினால் முதல் சில நாள் ஒன்றுமே தெரியாது. ‘பொடி வேலை செய்கிறது’ என்றுகூடத் தோன்றும். சர்க்கரை ஏறுவதை உடம்பு உடனே சொல்லாது. தாகமும் அடிக்கடி சிறுநீரும் தொல்லை கொடுக்கும்போது அளவு ஏற்கெனவே எங்கேயோ போயிருக்கும்.

இத்தனை வருடம் மெட்ஃபார்மின் எடுப்பவரைப் பற்றி நான் கேட்க நினைப்பது வேறு. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் இ.ஜி.எஃப்.ஆரும் கடைசியாக எப்போது பார்த்தார்கள்? வைட்டமின் பி12 பார்த்ததுண்டா? நீண்டகாலம் மெட்ஃபார்மின் எடுப்பவர்களில் சிலருக்கு பி12 குறையும். அதனால் கால் மரத்துப்போனாலும் பழியைச் சர்க்கரை மேல் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார்கள். மாத்திரையை மாற்றவோ குறைக்கவோ ஒரு காரணம் இருந்தால் அது இந்த ரிப்போர்ட்டுகளிலிருந்து வர வேண்டும், விளம்பரத்திலிருந்து அல்ல.

இனி உங்கள் மகன் பக்கம் வருகிறேன். அவன் சொன்னது சரி. மைக்ரோ ஆர்.என்.ஏ நிஜம். 1993-இல் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு புழுவில் முதல் மைக்ரோ ஆர்.என்.ஏ-வை விக்டர் ஆம்ப்ரோஸின் குழு கண்டுபிடித்தது. அது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கேரி ரவ்குனின் குழு அதே சமயத்தில் காட்டியது. அப்போது பெரும்பாலானவர்கள் இதைப் புழுவுக்கு மட்டுமே உரிய விநோதம் என்று ஒதுக்கிவிட்டார்கள். 2000-இல் ரவ்குனின் குழு ‘லெட்-7’ என்ற இரண்டாவது மைக்ரோ ஆர்.என்.ஏ-வைக் கண்டுபிடித்து, அது மனிதர் உட்பட விலங்குலகம் முழுக்க இருக்கிறது என்று காட்டிய பிறகுதான் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். இருவருக்கும் 2024-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. பரிசு கொடுத்தது அந்த அடிப்படைக் கண்டுபிடிப்புக்காக. பொடிக்கும் அதற்கும் சம்பந்தம் விளம்பரத்தில் மட்டும்தான்.

மனித மரபணுத் தொகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைக்ரோ ஆர்.என்.ஏ-க்கள் இருக்கின்றன. இவை செய்கிற வேலையைப் புரிந்துகொள்ள இன்சுலின் உருவாகும் பாதையையே எடுத்துக்கொள்வோம். இன்சுலினுக்கான மரபணு பதினோராவது குரோமோசோமில் இருக்கிறது. உடம்பின் எல்லாச் செல்களிலும் அந்த மரபணு உண்டு, ஆனால் கணையத்தின் பீட்டா செல்தான் அதைத் திறந்து படிக்கிறது. படித்ததை ஒரு நகலாக எடுக்கிறது. அந்த நகலுக்குப் பெயர் தூது ஆர்.என்.ஏ. அதைப் பார்த்து, செல்லின் புரதத் தொழிற்சாலையான ரைபோசோம் முதலில் 110 அமினோ அமிலம் கொண்ட நீளச் சங்கிலியைக் கட்டுகிறது. அதை வெட்டிச் செதுக்கிக் கடைசியில் 51 அமினோ அமிலம் கொண்ட இன்சுலின் வருகிறது. அது சிறு சிறு துகள்பைகளில் அடைக்கப்பட்டு, சர்க்கரை ஏறும் நேரத்துக்காகச் செல்லுக்குள் ஆயிரக்கணக்கில் காத்திருக்கிறது.

மைக்ரோ ஆர்.என்.ஏ எந்தப் புரதத்துக்கும் குறிப்பு சுமப்பதில்லை. அது கிட்டத்தட்ட 22 வேதி எழுத்து நீளமுள்ள ஒரு துணுக்கு, அவ்வளவுதான். பிறக்கும்போது நீளமாக, கொண்டை ஊசி மாதிரி மடங்கிய வடிவில் இருக்கும். செல்லின் கருவுக்குள் ‘டிரோஷா’ என்ற நொதி ஒருமுறை வெட்டும். வெளியே வந்ததும் ‘டைசர்’ என்ற நொதி இன்னொருமுறை வெட்டும். மிஞ்சும் இரட்டை இழையில் ஓர் இழை ‘ஆர்கோநாட்’ என்ற புரதத்துக்குள் போய் உட்காரும். இந்தக் கூட்டணிதான் தூது ஆர்.என்.ஏ-க்களின் வால் பகுதியில் தனக்குப் பொருந்தும் எழுத்துகளைத் தேடும். முழு 22 எழுத்தும் பொருந்த வேண்டியதில்லை. இரண்டாவதிலிருந்து எட்டாவது வரையிலான எழுத்துகள் பொருந்தினாலே பெரும்பாலும் போதும். பொருந்தினால் அந்தத் தூது ஆர்.என்.ஏ-விலிருந்து வரும் புரதம் குறையும், அல்லது தூது ஆர்.என்.ஏ-வே சீக்கிரம் சிதையும்.

குறையும் என்றுதான் சொன்னேன், நிற்கும் என்று சொல்லவில்லை. பெரும்பாலும் இது அடுப்பை அணைப்பதில்லை, தீயைச் சற்றுத் தணிக்கிறது. ஏழே எழுத்துப் பொருத்தம் என்பதால் ஒரே மைக்ரோ ஆர்.என்.ஏ நூற்றுக்கணக்கான தூது ஆர்.என்.ஏ-க்களைத் தொட முடியும். ஒரே தூது ஆர்.என்.ஏ-வைப் பல மைக்ரோ ஆர்.என்.ஏ-க்கள் சேர்ந்தும் தணிக்க முடியும். இந்த இரண்டையும் மகன் மனதில் வைத்துக்கொண்டால் விளம்பரத்தில் எது இடிக்கிறது என்பது தானாகவே பிடிபடும்.

சர்க்கரை நோயோடு இதற்கு உள்ள தொடர்பில் மிகவும் ருசிகரமான கதை ‘மிர்-375’ உடையது (‘மிர்’ என்பது மைக்ரோ ஆர்.என்.ஏ-வின் சுருக்கம், எண் அதன் அடையாளம்). கணையத்தில் இன்சுலின் சுரக்கும் திட்டுகளில் ஏராளமாக இருக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ இது. 2004-இல் மார்கஸ் ஸ்டோஃபலின் குழு, இன்சுலின் சுரக்கும் எலிச் செல்களில் இதன் அளவைக் கூட்டிப் பார்த்தது. குளுக்கோஸ் கொடுத்தும் இன்சுலின் குறைவாகவே வெளிவந்தது. மிர்-375-ஐ அடக்கியபோது கூடுதலாக வந்தது.

எந்த இடத்தில் தடை விழுகிறது என்பதுதான் சுவாரசியம். சாதாரணமாகக் குளுக்கோஸ் பீட்டா செல்லுக்குள் நுழைந்து எரிந்து ஆற்றலாகிறது. அந்த ஆற்றல் மூலக்கூறு கூடியதும் செல் சவ்வில் உள்ள பொட்டாசியம் வாய்க்கால்கள் மூடுகின்றன, கால்சியம் வாய்க்கால்கள் திறக்கின்றன. கால்சியம் உள்ளே பாய்ந்ததும் துகள்பைகள் சவ்வோடு ஒட்டி வெடித்து இன்சுலினைக் கொட்டுகின்றன. மிர்-375 கூடிய செல்லில் கால்சியம் பாய்வதுவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. கடைசிப் படி, அதாவது துகள்பை சவ்வோடு சேர்ந்து கொட்டுவதுதான் மந்தமானது. அந்தப் படிக்கு உதவும் மயோட்ரோஃபின் என்ற புரதத்தை மிர்-375 தணித்திருந்தது.

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டால் என்ன தோன்றும்? மிர்-375 வில்லன், அதை ஒழித்துவிட்டால் இன்சுலின் தாராளமாகச் சுரக்கும், சர்க்கரை நோய் தீர்ந்தது. விளம்பரம் எழுதுகிறவர்கள் சரியாக இந்த வரியோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

அதே குழு 2009-இல் மிர்-375 அறவே இல்லாத எலிகளை உருவாக்கியது. அந்த எலிகளுக்குச் சர்க்கரை குறையவில்லை, கூடியது. பீட்டா செல்களின் மொத்த அளவு சுருங்கியிருந்தது. சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் ஹார்மோனைச் சுரக்கும் ஆல்ஃபா செல்கள் பெருகியிருந்தன. கல்லீரல் வேண்டாத நேரத்திலும் சர்க்கரையை உற்பத்தி செய்துகொண்டிருந்தது. இதே எலிகளைப் பிறவியிலேயே பருமனாகும் எலி வகையோடு கலந்தபோது நிலைமை இன்னும் மோசமானது. இயல்பாக அந்தப் பருமன் எலிகளின் பீட்டா செல்கள் பெருகி, கூடுதல் இன்சுலின் சுரந்து சமாளிக்கும். மிர்-375 இல்லாதவற்றால் பெருக முடியவில்லை, கடுமையான நீரிழிவு வந்தது. ஆக, கூடினால் சுரப்பு மந்தமாகலாம், இல்லாவிட்டால் சுரக்கும் செல்லே சரியாகப் பெருகாது. பின்னால் 2015-இல் இன்னொரு திருப்பமும் வந்தது. உயிருள்ள எலிகளின் பீட்டா செல்களில் மிர்-375-ஐக் கூட்டிப் பார்த்தபோது செல்களின் அளவும் வேலையும் இயல்பாகவே இருந்தன. தட்டில் வளர்த்த செல்லில் கண்டதை முழு உடம்பு அப்படியே திருப்பிச் சொல்லவில்லை.

‘கெட்டுப்போன மைக்ரோ ஆர்.என்.ஏ-வைச் சரிசெய்கிறோம்’ என்று யாராவது சொன்னால் நான் கேட்பேன்: எதை? ஏற்றுகிறீர்களா, இறக்குகிறீர்களா? எந்த உறுப்பில்? எந்த அளவுவரை? பதில் வராது.

சரி, இன்சுலின் சுரப்பதில் மட்டுமல்ல, இன்சுலினைத் தயாரிப்பதிலும் இந்தத் துணுக்குகளுக்குப் பங்கு உண்டா? உண்டு. மேலே சொன்ன டைசர் நொதியை வளர்ந்த எலிகளின் பீட்டா செல்களில் மட்டும் நீக்கிப் பார்த்தார்கள், அதாவது அந்தச் செல்களில் மைக்ரோ ஆர்.என்.ஏ உற்பத்தியையே முடக்கினார்கள். செல்கள் அப்படியே இருந்தன, ஆனால் அவற்றுக்குள் இன்சுலின் வற்றிப்போய் எலிகளுக்கு நீரிழிவு வந்தது. இன்சுலின் மரபணுவை அடக்கிவைக்கும் சில புரதங்கள் உண்டு. இயல்பான பீட்டா செல்லில் மிர்-24, மிர்-26, மிர்-148, மிர்-182 போன்றவை அந்த அடக்கிகளை அடக்கிவைத்திருக்கின்றன. இவை போனதும் அடக்கிகள் தலைதூக்கி இன்சுலின் மரபணுவை மூடிவிட்டன. தணிக்கும் வேலை செய்கிற ஒன்று, தணிப்பவரைத் தணித்து இன்சுலினைக் கூட்டுகிறது. மகனுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன். தேர்வில் கேட்க மாட்டார்கள், ஆனாலும் பிடிக்கும்.

அம்மாவுக்கு இருப்பது போன்ற இரண்டாம் வகையில் கணையம் பாதிக் கதைதான். மீதிக் கதை இன்சுலின் போய்ச் சேரும் இடங்களில் நடக்கிறது: கல்லீரல், தசை, கொழுப்புத் திசு. இன்சுலின் இருந்தும் அவை அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. இதை இன்சுலின் எதிர்ப்பு என்கிறோம். இங்கேயும் மைக்ரோ ஆர்.என்.ஏ-க்கள் நுழைகின்றன. மிர்-103, மிர்-107 என்ற இரட்டையர் பருமனான எலிகளில் கூடியிருந்தன. 2011-இல் அவற்றை அடக்கியபோது எலிகளின் உடம்பு இன்சுலினுக்கு நன்றாகச் செவிசாய்த்தது. கேவியோலின்-1 என்ற புரதத்தின் வழியாக, இன்சுலினைப் பிடித்துக்கொள்ளும் புரதமான இன்சுலின் ஏற்பி செல் சவ்வில் நிலையாக இருப்பதை இவை பாதிக்கின்றன. நோபல் கதையில் வந்த லெட்-7-உம் இன்சுலின் ஏற்பி போன்ற புரதங்களைத் தணிக்கிறது. அதை அடக்கியபோது பருமன் எலிகளில் சர்க்கரை கையாளும் திறன் மேம்பட்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே லெட்-7, புற்றுநோயைத் தூண்டக்கூடிய மரபணுக்கள் சிலவற்றையும் கட்டுக்குள் வைத்திருக்கிறது. சர்க்கரைக்காக அதை உடம்பு முழுக்க வருடக்கணக்கில் அடக்கிவைக்க எனக்குத் துணிவு வராது. இந்தத் துறையின் அடிப்படைச் சங்கடமே இதுதான்: ஒன்றைத் தொட்டால் நூறு அசையும்.

உடம்பின் நோயெதிர்ப்பே பீட்டா செல்லை அழிக்கும் முதல் வகை நீரிழிவிலும் இவை பேசப்படுகின்றன, அழற்சிப் பொருள்கள் பீட்டா செல்லைத் தாக்கும்போது மிர்-21, மிர்-34ஏ, மிர்-146ஏ போன்றவை கூடுகின்றன. உங்கள் வீட்டுக் கேள்விக்கு அது தேவையில்லை, விட்டுவிடுகிறேன்.

இப்போது பொடி. செடிகளிலும் மைக்ரோ ஆர்.என்.ஏ உண்டு என்பது உண்மை. சாப்பிட்ட செடியின் மைக்ரோ ஆர்.என்.ஏ நம் ரத்தத்தில் கலந்து நம் மரபணுக்களைக் கட்டுப்படுத்துமா என்பதுதான் கேள்வி. கலக்கும் என்று சொன்ன ஆய்வு ஒன்று உண்டு. இந்த வகை விளம்பரங்கள் எல்லாம் சுற்றிவளைத்து அங்கேதான் போய் நிற்கின்றன, அதனால் அதை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். சீன ஆய்வுக் குழு ஒன்று, அரிசியில் உள்ள ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ அதைச் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் இருப்பதாகவும், எலிகளின் கல்லீரலில் கெட்ட கொழுப்பை அகற்ற உதவும் ஒரு புரதத்தைக் குறைப்பதாகவும் அறிவித்தது. பெரிய பரபரப்பு. பிறகு மற்றவர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தார்கள். 2013-இல் வெளிவந்த மறுசோதனையில், அரிசி தின்ற எலிகளின் ரத்தத்திலும் கல்லீரலிலும் அந்த மைக்ரோ ஆர்.என்.ஏ பொருட்படுத்தத்தக்க அளவில் இல்லை. கொழுப்பு மாறியதற்குக் காரணம் உணவின் சத்து வேறுபாடாக இருக்கலாம் என்று அவர்கள் கணித்தார்கள். வேறு குழுக்கள் வேறு விலங்குகளில் தேடியபோதும் கிடைத்தது மிகச் சொற்பம். அதில் ஒரு பகுதி பரிசோதனையின்போது கலந்த மாசாக இருக்கலாம் என்ற சந்தேகமும் எழுந்தது.

வயிற்றுக்குள் போகும் ஆர்.என்.ஏ-வை அமிலமும் குடலில் உள்ள நொதிகளும் துண்டு துண்டாக்கிவிடும். தப்பிப் பிழைத்தாலும் குடல் சுவரைக் கடந்து, ரத்தத்தில் சிதையாமல் பயணித்து, கணையத்தின் பீட்டா செல்லைக் கண்டுபிடித்து, உள்ளே நுழைந்து, ஆர்கோநாட்டில் உட்கார வேண்டும். பல வருடமாக மருந்து நிறுவனங்கள் இந்தப் பாதையைக் கடக்கத்தான் திணறுகின்றன. ஒரு ஸ்பூன் பொடி அதைச் செய்துவிடும் என்று நான் நம்பவில்லை.

பொடி சாப்பிட்டவருக்கு நிஜமாகவே சர்க்கரை இறங்கினால் என்ன செய்வது என்று அம்மா கேட்பார். அப்போது எனக்குக் கவலை குறையாது, கூடும். ‘மூலிகை’ என்று விற்ற சர்க்கரைப் பொடிகளிலும் மாத்திரைகளிலும் கிளிபென்கிளமைடு போன்ற அலோபதி மருந்துகள் சொல்லாமல் கலந்திருந்ததைப் பல நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகள் பிடித்திருக்கின்றன. வயதானவர் தெரியாமல் அதைச் சாப்பிட்டால் சர்க்கரை திடீரென்று கீழே போகும். வியர்வை, நடுக்கம், மயக்கம் எல்லாம் வரும். சிறுநீரகம் சுணங்கியவருக்கு அந்த மருந்து உடம்பில் நீண்ட நேரம் தங்கும் என்பதால் ஆபத்து இன்னும் கூடுதல். வீட்டில் ஏற்கெனவே பொடி வந்துவிட்டதென்றால், டப்பாவோடு அம்மாவின் மருத்துவரிடம் காட்டுங்கள். ‘திட்டுவார்’ என்று மறைக்க வேண்டாம்.

அடுத்து அந்த ரத்தப் பரிசோதனை. இதை நான் பொடி அளவுக்கு ஒதுக்க மாட்டேன், ஏனென்றால் இதற்குப் பின்னால் நல்ல ஆராய்ச்சி இருக்கிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ செல்லுக்குள் மட்டும் இருப்பதில்லை. எக்ஸோசோம் எனப்படும் நுண்பைகளில் ஏறியும் புரதங்களோடு ஒட்டியும் ரத்தத்தில் சுற்றுகிறது. ரத்தத்தில் சுற்றும் எக்ஸோசோம் மைக்ரோ ஆர்.என்.ஏ-வில் பெரும்பங்கு கொழுப்புத் திசுவிலிருந்து வருகிறது என்றும், அது கல்லீரலில் மரபணுக்களைக் கட்டுப்படுத்த முடிகிறது என்றும் ரொனால்ட் கானின் குழு 2017-இல் எலிகளில் காட்டியது. 2010-இல் வடக்கு இத்தாலியின் புருனெக் நகர மக்களிடம் நடந்த ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களின் ரத்தத்தில் மிர்-126 குறைந்திருந்தது. நோய் வருவதற்கு முன்பே சிலவற்றின் அளவு மாறியிருந்தது. இதனால் முன்கூட்டியே கண்டுபிடிக்கும் பரிசோதனை வரும் என்று எல்லோரும் ஆசைப்பட்டோம்.

நடைமுறைக்கு வரும்போதுதான் சிக்கல். ஊசி குத்தி எடுத்த ரத்தம் குழாயிலேயே கொஞ்சம் சிதைந்தால் போதும், சிவப்பணுக்களில் நிறைந்திருக்கும் மிர்-451, மிர்-16 போன்றவை கொட்டி அளவையே புரட்டிப்போடும். ரத்தத்தில் உள்ள மிர்-126-இல் கணிசமான பங்கு, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களிலிருந்து வருகிறது. ஆஸ்பிரின் போலத் தட்டணுக்களை அடக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு அது குறைந்துவிடும். உங்கள் அம்மா ஆஸ்பிரின் எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு மிர்-126 குறைவாக வந்தால் அது சர்க்கரையாலா, மாத்திரையாலா என்று அந்த ரிப்போர்ட் எப்படிச் சொல்லும்? நம் நாயகன் மிர்-375-உம் தப்பவில்லை. ரத்தத்தில் சுற்றும் மிர்-375-இல் சுமார் 1 சதவீதம் மட்டுமே பீட்டா செல்லிலிருந்து வருகிறது என்று அந்த 2015 எலி ஆய்வு காட்டியது. குடல் போன்ற மற்ற இடங்களிலும் அது இருக்கிறது. பீட்டா செல்கள் திடீரென்று கூட்டமாக அழியும்போது அது ரத்தத்தில் ஏறுவது தெரிகிறது, முதல் வகை நோயாளிகளிடமும் கூடுதலாக இருந்தது. இரண்டாம் வகையில் அப்படித் தெரியவில்லை. உங்களுக்கும் அம்மாவுக்கும் கவலை இரண்டாம் வகையைப் பற்றித்தான்.

ஒரு பரிசோதனை செய்யச் சொல்வதற்கு முன் நான் என்னையே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: கூடுதலாக வந்தாலும் குறைவாக வந்தாலும் நான் எழுதும் சீட்டு மாறுமா? இந்தப் பரிசோதனையைப் பொறுத்தவரை மாறாது. எனவே செய்துகொள்ள வேண்டாம்.

மருந்து வருமா என்ற கேள்விக்கு வருகிறேன். மைக்ரோ ஆர்.என்.ஏ-வைக் கூட்டியோ அடக்கியோ நீரிழிவைக் குணப்படுத்தும் மருந்து இன்று எங்கும் அனுமதி பெறவில்லை. முயற்சிகள் நடந்தன. மேலே சொன்ன மிர்-103, மிர்-107 இரட்டையரைக் கல்லீரலில் அடக்கும் மருந்து ஒன்று, கல்லீரல் கொழுப்போடு நீரிழிவோ அதன் முந்தைய நிலையோ உள்ளவர்களிடம் முதல்கட்டச் சோதனைவரை போய் நின்றுவிட்டது. புற்றுநோய்க்காக மிர்-34ஏ-வைப் போலச் செய்து ஊசியாகக் கொடுத்த இன்னொரு மருந்தின் சோதனையை 2016-இல் நிறுத்த வேண்டியதாயிற்று. நோயெதிர்ப்பு மண்டலம் கடுமையாகக் கொந்தளித்து நோயாளிகள் சிலர் இறந்தார்கள். ஆய்வகத்தில் தயாரித்து, கண்காணிப்பில் கொடுத்த மருந்துக்கே இந்தக் கதி.

ஆனால் இந்தக் குடும்பத்தின் ஒன்றுவிட்ட சகோதரன் ஏற்கெனவே மருந்தாகிவிட்டது. அதன் பெயர் குறுக்கீட்டு ஆர்.என்.ஏ. அதுவும் இருபது சொச்சம் எழுத்துத் துணுக்குதான், அதுவும் ஆர்கோநாட்டில்தான் உட்காரும். வித்தியாசம், அது தன் இலக்கோடு ஏறக்குறைய முழுவதும் பொருந்துமாறு வடிவமைக்கப்படுகிறது, அதனால் நூறு இடத்தில் கை வைக்காமல் ஒரே தூது ஆர்.என்.ஏ-வைக் குறிவைக்கிறது. 2018-இல் இவ்வகையில் முதல் மருந்து அனுமதி பெற்றது. இன்க்ளிசிரான் என்ற ஊசி கல்லீரலில், கெட்ட கொழுப்பை ரத்தத்திலிருந்து அகற்றவிடாமல் தடுக்கும் பி.சி.எஸ்.கே.9 புரதத்தைக் குறைத்துக் கெட்ட கொழுப்பை ஏறக்குறையப் பாதியாக்குகிறது. முதல் ஊசி, மூன்று மாதத்தில் அடுத்தது, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று. சர்க்கரையும் இதய நோயும் சேர்ந்து இருந்து, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை போதாதவர்களுக்கு இதைக் கொடுக்கிறார்கள். சர்க்கரையைக் குறைப்பதற்கு அல்ல என்பதைக் கவனியுங்கள். இந்த மருந்துகள் கல்லீரலில் ஜெயித்ததற்குக் காரணம், கல்லீரல் செல்லுக்குப் போகும் வழி தெரிந்துவிட்டது: மருந்தோடு ஒரு சர்க்கரை மூலக்கூறை ஒட்டவைத்தால் கல்லீரல் செல்லே அதைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். பீட்டா செல்லுக்கு அப்படிப் பரவலாகப் பயன்படும் வழி இன்னும் இல்லை. மகனுக்கு ஆராய்ச்சியில் ஆசை இருந்தால், இந்தப் பூட்டைத் திறப்பவர்களுக்கு வேலை நிறைய இருக்கிறது.

கடைசியாக உங்கள் 6.0. எச்பிஏ1சி 5.7-இலிருந்து 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை, 6.5-உம் அதற்கு மேலும் நீரிழிவு. இந்த எண்ணும் குற்றமற்றதல்ல. ரத்தசோகை இருந்தால் அது ஏமாற்றும், அதனால் ஹீமோகுளோபினையும் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் சேர்த்துப் பாருங்கள். ஆனால் இந்த நிலையில் என்ன செய்தால் என்ன பலன் என்பது எலியில் அல்ல, மனிதர்களில் அளந்து தெரிந்த விஷயம். அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்து 2002-இல் முடிவு வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடப்பது என்ற இலக்கோடு இருந்தவர்களுக்கு நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்கு 31 சதவீதம். சராசரியாக மூன்று வருடத்துக்குள்ளேயே இது தெரிந்தது.

அம்மாவுக்கு இருப்பதால் உங்களுக்கு வாய்ப்பு கூடுதல்தான். எடை எவ்வளவு, இடுப்புச் சுற்றளவு எவ்வளவு, கர்ப்பகாலத்தில் சர்க்கரை இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. கர்ப்பகாலத்தில் இருந்திருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், மெட்ஃபார்மின் இப்போதே தொடங்கலாமா என்ற முடிவில் அதற்குப் பங்கு உண்டு. அடுத்த எச்பிஏ1சி-யை மூன்று மாதத்துக்கு முன் எடுக்க வேண்டாம், சிவப்பணுவின் ஆயுட்காலம் அவ்வளவு என்பதால் அதற்குள் எண் முழுதாக மாறாது. எடுக்கும்போது அதே ஆய்வகத்தில் எடுங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் அந்த பி12-ஐப் பார்த்துவிடுங்கள்.